பாதையேறி வரும் அந்த ஒரு நாள்



நாங்கள் படித்த காலத்தில் 'அங்கொட' என்பது ஒரு ஏச்சு. மனநோய் என்றால் கொழும்புக்குக் கிட்ட இருக்கும் அந்த ஆஸ்பத்திரிதான் என்று நினைத்தோம். 2004 கடற்கோளுக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்கே கொண்டுவரச் சொன்னது. இன்று நமது போதனா வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

மருந்து கிட்ட வந்துவிட்டது; ஆள் வர வேண்டுமே! மனச்சிதைவு நோயுள்ள பலருக்கு மாதமொரு ஊசி போடுகிறோம். அதைத் தவறவிட்டவரைச் 'சொல்வழி கேளாதவர்' என்கிறார்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையேறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தையும் நான் ஒரு மருந்தாகத்தான் எண்ணுகிறேன்.

படுவான்கரையில் ஒரு பெண் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார். நோய் முற்றாகப் போகவில்லை. ஊசி தவறுவதில்லை. அதோடு, அவர் வாட்டில் இருந்து வந்த பிறகும் கடைக்காரர் அவரிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. அவர் நிமிர்ந்ததில் பாதி அந்தக் கடைக்காரரால்தான்.

கலியாணத்துக்குத் தாயை அழைக்கும்போது, நோய் வந்த மகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கூட்டிப்போங்கள். வெளிநாட்டிலுள்ள அக்காமாரே, வாட்டுக்குத் தொலைக்காட்சி வாங்கித் தர விரும்புகிறீர்கள், நன்றி. ஆனால் ஊரிலுள்ள ஒருவரின் கிளினிக் பஸ் காசையும், துணைக்கு வருபவரின் அன்றைய கூலியையும் ஏற்றுக்கொண்டால் எங்கள் வேலை இலகுவாகும்.

அவசரத்துக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.