மகிழ்ச்சி யார் வாசலுக்கு முதலில் போகணும்? – கிறிஸ்துமஸ் விழா உரை

  

ஸ்டார் கட்டியாச்சு, குடில் வச்சாச்சு, கேக் வெட்டியாச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு கேள்வி. அந்த முதல் கிறிஸ்துமஸ் சேதி யாருக்கு முதல்ல போச்சு? லூக்கா நற்செய்தியை எடுத்துப் பாருங்க. அரண்மனையில் இருந்த ஏரோதுக்குப் போகலை. ராத்திரி பூரா கண் விழிச்சு, வெட்டவெளியில் ஆட்டு மந்தைக்குக் காவல் கிடந்தாங்களே, அந்த மேய்ப்பர்களுக்குத்தான் போச்சு. அதாவது, நைட் டியூட்டி பார்த்தவங்களுக்கு!

அப்போ நம்ம மகிழ்ச்சியும் முதல்ல யார்கிட்ட போகணும்? விடியறதுக்கு முன்னாடியே தெரு கூட்ட வர்ற அக்காவுக்கு. ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளி ஐயாவுக்கு. பண்டிகை நாளிலும் வார்டை விட்டு நகர முடியாத செவிலியர் தங்கைக்கு. மிஞ்சின பலகாரத்தைக் கொடுக்காதீங்க. முதல் தட்டைக் கொடுங்க. பேரைக் கேட்டு, பேர் சொல்லி வாழ்த்துங்க.

"எனக்கே ஆயிரம் கவலை, நான் எங்கே போய் அடுத்தவங்களைச் சந்தோஷப்படுத்த?" என்று சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு எழுதின கடிதம் எங்கிருந்து எழுதினது? சிறையிலிருந்து! நாலே அதிகாரம் உள்ள சின்னக் கடிதம். கையில் விலங்கு, கடிதம் பூரா மகிழ்ச்சி. வசதி வந்த பிறகு பார்த்துக்கலாம் என்று அவர் காத்திருக்கலை.

நம்ம மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கு உறவுகளே. ஐடா ஸ்கடர். 1870-ல் பிறந்த அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பொண்ணு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூணு பேர் வந்து கதவைத் தட்டுறாங்க. மூணு பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனா ஆண் மருத்துவர் வரக்கூடாது என்கிறாங்க. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிஞ்சா மூணு தாய்மாரும் இல்லை. அந்த மூணு குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. "எனக்கென்ன?" என்று அவர் இருந்தாரா? அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சு, 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பிச்சார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்னைக்கு அதுதான் சிஎம்சி! எத்தனை வீட்டில் தாயும் பிள்ளையும் நலமா வீடு திரும்பின சந்தோஷம், அந்த ஒரு படுக்கையிலிருந்து தொடங்கினது!

எல்லாராலும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனா கதவு தட்டுற சத்தம் எல்லாருக்கும் கேட்கும். இந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் தொங்காது. அங்கே போய் "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்லாதீங்க. சும்மா பக்கத்தில் உட்காருங்க, அவங்க பேசுறதைக் கேளுங்க. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருந்தா, நீங்களே முதல்ல போன் பண்ணுங்க. பள்ளி ஃபீஸ் கட்ட முடியாம தவிக்கிற குடும்பம் தெரிஞ்சா, போட்டோ எடுக்காம, ஊருக்குச் சொல்லாம உதவுங்க. வாங்குறவங்க தலை குனிஞ்சா அது மகிழ்ச்சி இல்லை.

நம்ம ஊரில் பலகாரத் தட்டு வெறுந்தட்டா திரும்பி வராது. கிறிஸ்துமஸுக்குப் போன தட்டு பொங்கலுக்குக் கரும்போடு வரும், ரம்ஜானுக்கு பிரியாணியோடு வரும். அந்தத் தட்டு ஓடிக்கிட்டே இருக்கணும். இந்த வாரம் ஆளுக்கு ஒரு வீடு. இதுவரை நீங்க படியேறாத ஒரு வீடு. போவீங்களா?

அனைவருக்கும் இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.