கடைவயலுக்கும் நீர் வேண்டும்
(பாப்பாமோட்டையில் ஆற்றிய உரை)



1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது ஏழைக்கு ஒரு கதவு திறந்தது. புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துச் சிறுவர் மத்திய கல்லூரி விடுதிகளில் தங்கிக் கற்று உயர்ந்தனர். இதனை நாம் மறுக்கவில்லை.

இன்றோ அந்த ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை பிரபல பாடசாலைகளின் வாயிற்காவலாகிவிட்டது. வசதியுள்ள பிள்ளைக்குத் தனியார் வகுப்பு; வறிய பிள்ளைக்கு ஆசிரியர் பற்றாக்குறை. பத்து வயதில் இருவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகுமா?

பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான துறைகளுக்கு, 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மன்னாரும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பள்ளிப் படிப்பின் முடிவில் நீட்டப்படும் கை, பத்து வயதில் பின்தள்ளப்பட்ட பிள்ளையை எட்டுமா?

உழவர்களே! கட்டுக்கரைக் குளத்து நீர் தலைவயலோடு நின்றுவிட்டால் கடைவயல் விளையுமா? நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. ஆரம்ப வகுப்புகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும். தேறிய பிள்ளைக்கு விடுதி வேண்டும். தேறாத பிள்ளைக்கும் இம்மண்ணிலேயே தரமான கல்வி வேண்டும். இம்மனுவில் கையொப்பமிடாது எவரும் இன்று வீடு திரும்பலாகாது.