காரின் மஞ்சள் விளக்கும் பிராணவாயு உணரியும்



ஜாசின் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும் குடும்பத்தலைவர் ஒருவர். அவருடைய பிள்ளைகள் இருவர் எங்கள் பள்ளியில் பயில்கின்றனர். மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் மலாக்கா பட்டணத்திற்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டும். அதற்காகவே பழைய கார் ஒன்றைத் தவணையில் வாங்கினார். ஒரு நாள் காலை அதன் முகப்பில் இயந்திரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சர் போய்விட்டது" என்றார்கள். 360 வெள்ளி கொடுத்துப் புதியது மாட்டினார். நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. "இதுவும் கெட்டுவிட்டது போலும், வேறு மாட்டலாம்" என்றார்கள். அந்த நிலையில்தான் அவர் எங்களிடம் வந்தார்.

இந்தச் சென்சர், அதாவது பிராணவாயு உணரி, என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் வீணாகும், கரும்புகை வரும். காற்று மிகுந்தால் வண்டி இழுக்காது. முன்பு ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்திய கூடங்களில், அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெரியவர்கள் புகையின் நிறம் கண்டே காற்று வழியைத் திறப்பார்கள், மூடுவார்கள். அவர்கள் கண் செய்த வேலையைக் காரில் இந்த உணரி செய்கிறது. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் 1994இல் வந்த முதல் கன்சிலிலும் கார்புரேட்டர்தான். கலவையைக் கையால் திருகிச் சரிசெய்தோம். 2005இல் வந்த மைவி போன்ற வண்டிகளில் கணினி அதைக் கவனிக்கிறது. கணினிக்குச் செய்தி சொல்வது உணரி.

உணரியின் உள்ளே இருப்பது சிர்க்கோனியா என்னும் ஒருவகைப் பீங்கான். சூடேறினால் இது மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு, ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1897இலேயே விளக்கு ஒன்று செய்தார். அதே பீங்கானைப் புகைக்குழாயில் வைத்து, பாஷ் நிறுவனம் 1976இல் காருக்கான உணரியை வெளியிட்டது; வோல்வோ கார்களில் அது முதலில் வந்தது. புகையில் பிராணவாயு மிச்சமில்லை என்றால் உணரி சுமார் 0.9 வோல்ட் காட்டும். பிராணவாயு மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகையால் உள்ளேயே சூடேற்றும் கம்பி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இனி நம் குடும்பத்தலைவரின் காருக்கு வருவோம். ஸ்கேனரில் வந்த எண் பி 0171. அதன் பொருள் 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்பதே. 'உணரி பழுது' என்பதன்று. பி 0135 என்று வந்திருந்தால், சூடேற்றும் கம்பியின் மின்னோட்டத்தில் குறை என்று கொள்ளலாம். அப்போதும் முதலில் பியூசையும் கம்பி இணைப்பையும் பார்க்க வேண்டும்.

பள்ளியின் அறிவியல் அறையில் மல்டிமீட்டர் ஒன்று உண்டு. அலோர் காஜாவில் பட்டறை வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவன் ஒருவனையும் அழைத்துக்கொண்டோம். கணக்குப் பாடத்தில் எங்களிடம் நிறையத் திட்டு வாங்கியவன். அன்று அவன் சொல்ல நாங்கள் கேட்டோம். திறந்த வெளியில் இயந்திரத்தை நன்றாகச் சூடாக்கினான். மூடிய கொட்டகையில் இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். மீட்டரை நேர்மின்னோட்டம் 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை உணரியின் செய்திக் கம்பியிலும் மறு முனையை இயந்திர உடலிலும் பிடித்தான். நல்ல உணரியானால் முள் ஓரிடத்தில் நிற்காது, 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். இங்கே 0.1இலேயே கிடந்தது. "பார்த்தாயா, செத்த சென்சர்" என்றார் எங்களுள் ஒருவர். பையன் பேசவில்லை, காரில் உட்கார்ந்து மிதியைச் சட்டென்று அழுத்தினான். 0.8க்கு ஏறியது. விட்டதும் இறங்கியது. கெட்டுப்போன உணரி அப்படி ஏறி இறங்காது. 0.45 அருகிலேயே அசையாமல் நின்றால் உணரியின்மீதோ கம்பியின்மீதோ ஐயப்பட வேண்டும்.

அப்படியானால் புகையில் பிராணவாயு மிகுதி என்று உணரி சொன்னது உண்மை. அது எங்கிருந்து வந்தது?

மறுநாள் விடியற்காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முடுக்கச் சொன்னான். 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசை கேட்டது. இயந்திரத்திலிருந்து வரும் புகைக்குழாயின் முதல் இணைப்பில், உணரிக்குச் சற்று முன்னால், கரிக்கோடு ஒன்று படிந்திருந்தது. அங்கே கேஸ்கட் உடைந்திருந்தது. புகை துடித்துத் துடித்து வெளியேறும்போது, இடையிடையே வெளிக்காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. உணரி அதைக் கண்டு சொல்கிறது. கணினி நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அவர் முன்பைவிட அடிக்கடி எண்ணெய் நிரப்பியதன் காரணம் அதுவே. புதிய கேஸ்கட்டும் கூலியுமாகச் செலவு 60 வெள்ளி.

பட்டறைக்காரரை முழுக்கக் குறை கூறமாட்டோம். வாடிக்கையாளர் நின்றுகொண்டே அவசரப்படுத்தினால் அவர் என்ன செய்வார்? எனினும் ஸ்கேனரால் விளக்கை அணைத்துக் கொடுப்பது பழுது பார்த்ததாகாது. "எண் என்ன, சோதித்தீர்களா, வோல்ட் எவ்வளவு" என்று கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. உணரியும் கெடக்கூடியதுதான். எண்ணெய் குடிக்கும் இயந்திரத்தின் கரி, கண்டபடி பூசிய சிலிக்கோன் பசை, குளிர்நீர்க் கசிவு ஆகியவை அதைக் கெடுக்கும். ஸ்பார்க் பிளக் சரியாக எரிக்காவிட்டாலும் எரியாத காற்று புகையில் கலந்து, உணரி இதே செய்தியைச் சொல்லும். சில புதிய கார்களில் வேறு வகை உணரி உண்டு. அதற்கு மேற்சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது, ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

கழற்றிய பழைய உணரியை அவர் எறியாமல் பையில் வைத்திருந்தார். கேஸ்கட் மாற்றிய பின் பையன் அதையும் மாட்டிப் பார்த்தான். முள் ஏறி இறங்கியது. புதியது இப்போது துணி சுற்றிக் காரின் முன்பெட்டியில் கிடக்கிறது.