எபிசோட் 27: வள்ளி கேட்ட கேள்வி

"நாடகம் நாடகம்னு அடிக்கடி பேசறீங்களே, நீங்க மேடை ஏறியிருக்கீங்களா?"ன்னு சிலர் மெயில்ல கேட்டிருந்தீங்க. ஏறியிருக்கேன். ஒரே ஒரு தடவை. இன்ஜினியரிங் மூணாவது வருஷம், காலேஜ் முத்தமிழ் விழாவுல 'வள்ளி திருமணம்' போட்டோம். நான் வேலன். இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல நாடகத்தைப் பத்திக் கொஞ்சம். எழுதினவர் சங்கரதாஸ் சுவாமிகள். 2019 நடிகர் சங்கத் தேர்தல்ல 'சுவாமி சங்கரதாஸ் அணி'ன்னு ஒரு அணி நின்னுச்சு இல்லையா, அந்தப் பேர் இவரோடதுதான். 1867-ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தார். 1918-ல மதுரையில சிறுவர்களை வெச்சு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'ன்னு ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம் கத்துக்கிட்டது அங்கதான். 1922-ல புதுச்சேரியில இறந்துபோனார். அவர் போய் நூறு வருஷம் தாண்டியும், தென் மாவட்டத் திருவிழாக்கள்ல அவர் நாடகங்கள் இன்னும் விடிய விடிய நடக்குது.

எங்க ஊர் ராசிங்காபுரம். போடியிலிருந்து தேவாரம் போற பாதையில இருக்கு. மேற்கே திரும்பினா மலை. அந்த மலைக்கு மேல ஏலக்காய் தோட்டங்கள். விடியறதுக்கு முன்னாடியே எங்க பக்கத்துப் பெண்கள் ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா காய் எடுக்கப் போவாங்க. பொழுது சாயும்போது திரும்புவாங்க. எங்க அம்மாவும் பல வருஷம் போயிருக்காங்க. இதை ஏன் சொல்றேன்னா, வள்ளியும் மலையில வேலை பாக்குற பெண்தான். பரண் மேல நின்னு, தினைப்புனத்துக்கு வர்ற குருவி, கிளியை விரட்டறது அவ வேலை. முருகன் அங்க வேடனா வர்றான். அப்புறம் வேங்கை மரமா நிக்கிறான், கிழவனா வந்து தினைமாவு கேக்குறான். கடைசியில அண்ணன் பிள்ளையாரை யானையா வரச்சொல்லி அவளைப் பயமுறுத்துறான்.

இப்போ இந்த நாடகம் நடக்குற முறையைப் பாருங்க. இதுக்கு 'ஸ்பெஷல் நாடகம்'னு பேரு. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேற ஊர். தனித்தனியா புக் பண்ணுவாங்க. ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடைக்குப் பின்னாடிதான் முதல் தடவையா பாத்துக்குவாங்க. ஆனாலும் நாடகம் ஓடும். ஏன்னா பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். எங்க பாஷையில சொன்னா, எல்லாரும் ஒரே புரோட்டோகால்ல பேசறாங்க. ஆனா நடுவுல 'தர்க்கம்'னு ஒண்ணு வரும். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேலனும் மோதுற இடம். அங்க பேச்சை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. கேள்வி வரும், பதில் சொல்லணும். ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு ஜனங்க காத்திருக்கறது இதுக்காகத்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆர்மோனியக்காரர் வந்தார். நாங்க "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவோம். எங்களுக்குக் கிடைச்ச நேரம் நாப்பது நிமிஷம். எட்டு மணி நேர நாடகத்தை நாப்பது நிமிஷத்துக்குச் சுருக்கணும். "தர்க்கத்தைத் தூக்கிடுவோம். யானை, ஸ்மோக், லைட்டு, கல்யாணம், முடிஞ்சது"ன்னு பசங்க சொன்னாங்க. கைதட்டு வாங்க அதுதான் சுலபம்.

வள்ளியா நடிச்ச என் கிளாஸ்மேட் ஒத்துக்கல. "தர்க்கத்தை எடுத்துட்டா வள்ளி யாரு? யானைக்குப் பயந்து ஒருத்தனைக் கட்டிக்கிட்டவ. அவ்வளவுதானே? யானையைக் குறைங்க. நான் பேசணும்"னு சொன்னா. அண்ணன் ஆர்மோனியத்தை மூடி வெச்சுட்டுச் சிரிச்சார். "தாயி சொல்றது சரி தம்பி. வள்ளி வாய் பேசலேன்னா நாடகமே இல்லை"ன்னார். யானை ரெண்டு நிமிஷமாச்சு. தர்க்கம் பதினஞ்சு நிமிஷம்.

விழாவுக்கு ஸ்பெஷல் நாடக நோட்டீஸ் மாதிரியே ஒண்ணு அடிச்சோம். அந்த நோட்டீஸ்ல நடிகர் போட்டோ, பேரு, ஊரு எல்லாம் பெருசா இருக்கும். என் போட்டோவுக்குக் கீழ 'ராசிங்காபுரம்'னு போட்டுப் பாத்தப்ப அவ்வளவு சந்தோஷம். அவ மட்டும் தன் போட்டோவும் பேரும் வேணாம்னுட்டா. காரணம் கேட்டேன். "உன்னை ஊர்ல 'நடிகர்'னு கிண்டல் பண்ணுவாங்க. என்னை என்னன்னு சொல்வாங்கன்னு உனக்கே தெரியும்"னா. நோட்டீஸ்ல 'ஸ்திரீபார்ட்: வள்ளி'ன்னு மட்டும் வந்துச்சு. போட்டோ இருக்க வேண்டிய இடத்துல ஒரு மயில் படம்.

இது அவளோட தனிப்பட்ட கூச்சம் இல்லைன்னு பின்னாடி ஒரு புத்தகம் படிச்சப்ப விளங்குச்சு. சூசன் சைசர்னு ஒரு அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் மதுரையில தங்கி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பத்தி ஆராய்ஞ்சு 2005-ல ஒரு புத்தகம் வெளியிட்டாங்க. நாடகத்துக்குப் போற நடிகைகள் வழியில யார் கண்ணுலயும் படாம எப்படி ஒதுங்கிப் போறாங்கன்னு அதுல எழுதியிருக்காங்க. மேடையில சாமியோடயே விடிய விடிய வாதம் பண்ணலாம். பஸ் ஸ்டாண்ட்ல தலை நிமிந்து நிக்க முடியாது. இதே நாடகத்துல வள்ளியா நின்னு கே.பி. சுந்தராம்பாளும் வேலனா எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஊர் ஊரா கூட்டத்தைக் கட்டிப்போட்டாங்கன்னு நாம பெருமையாப் பேசறோம். அதே வேஷம் போடற இன்னிக்குப் பொண்ணுக்கு நோட்டீஸ்ல பேர் போடப் பயமா இருக்கு.

விழா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். தர்க்கத்துல அவ ஒத்திகையில கேக்காத கேள்வி ஒண்ணு கேட்டா: "வேடரே, நான் உம்மோட வந்துட்டா இந்தப் புனத்தை யாரு காப்பா?"

எனக்குப் பேச்சு வரல. அண்ணன் கட்டையில ஒரு சுரத்தைப் பிடிச்சு நிறுத்தி, நான் யோசிக்க நேரம் வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னேன்: "நானும் பரண் ஏறுறேன். உனக்குப் பாதி, எனக்குப் பாதி." கைதட்டு வந்துச்சு. அவ விடல. "இன்னிக்குச் சொல்றீர். கல்யாணத்துக்கு அப்புறம்?"னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கூட்டத்துல பொண்ணுங்க உக்காந்திருந்த பக்கம் விசில் பறந்துச்சு.

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப அவங்க சிரிக்கல. "கல்யாணம் ஆன பின்னாடி வள்ளி புனத்துக்குப் போனாளா இல்லையான்னு கதையில இருக்காப்பா?"ன்னு கேட்டாங்க. நாங்க போட்ட நாடகத்துல இல்லை. அது கல்யாணத்தோட முடிஞ்சிடும். கல்யாணத்துக்கு அப்புறமும் இருவது வருஷம் ஜீப் ஏறினவங்க கேக்குற கேள்வி அது.

பரீட்சைக்குப் பதிலை மனப்பாடம் பண்ணியே பழகின எங்களுக்கு, எதிர்ல இருக்கறவங்க என்ன கேக்குறாங்கன்னு காது கொடுத்துக் கேக்கக் கத்துக்கொடுத்தது அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான். இன்னிக்கு ஆபீஸ் மீட்டிங்ல யாராவது எதிர்பாக்காத கேள்வி கேட்டா, உடனே பதில் சொல்லத் துடிக்கிறதில்ல. மனசுக்குள்ள ஆர்மோனியத்துல ஒரு சுரம் ஓடும்.

உங்க ஊர்த் திருவிழாவுல வள்ளி திருமணம் போட்டா, பபூன் காமெடி முடிஞ்சதும் எழுந்து போயிடாதீங்க. தர்க்கம் வரைக்கும் இருங்க. நாடகம் முடிஞ்சதும் வள்ளியா நடிச்சவங்க பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, "நல்லாப் பேசுனீங்க அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.