அடிக்கல்லுக்காக அடித்த காசு

பழைய காசு என்றாலே விலை கூடியது என்னும் எண்ணம் பரவலாக இருப்பினும், காசுகளைச் சான்றாகக் கொண்டு வரலாற்றை ஆராயும் நாணயவியல் வயதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடைய ரோமானியச் செப்புக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைப்பதால் இன்றும் மலிவாகவே விலைபோகின்றன. நூறாண்டுகூட நிறையாத பிரிட்டனின் 1933ஆம் ஆண்டுப் பென்னியோ பெருஞ்செல்வர்களுக்கும் எளிதில் கிட்டாத பொருளாக இருக்கிறது.

அக்காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங்காகவும் 240 பென்னி ஒரு பவுனாகவும் கணக்கிடப்பட்டன. செம்புடன் சிறிது வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த வெண்கலக் காசாகிய இதன் ஒருபுறம் சிற்பி பெர்ட்ரம் மெக்கன்னல் வடித்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் சூலமும் கேடயமும் தாங்கி அமர்ந்திருக்கும் பிரிட்டானியாவும், அவள் காலடிக் கோட்டுக்குக் கீழே ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். முந்திய ஆண்டுகளில் அடித்த காசுகளே தேவைக்கு மேல் தேங்கிக் கிடந்தமையால், 1933இல் புதிய பென்னிகளுக்கு அக்கசாலையில், அதாவது நாணயம் அச்சிடும் சாலையில், வேலையே இல்லாமல் போயிற்று. எனினும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது அவ்வாண்டின் காசுகளை ஒரு தொகுதியாகக் கல்லின் கீழ் வைக்கும் வழக்கம் இருந்ததால், அதற்கென ஒரு சில மட்டும் அடிக்கப்பட்டன. ஏறத்தாழ ஏழு காசுகளே இருப்பதாகக் கருதப்படுகிறது. செலவழிக்க வேண்டாத காசாகப் பிறந்ததே இதன் அருமைக்குக் காரணம் என்பது சற்று வேடிக்கையானதுதான்.

அருமை மட்டும் விலையாகிவிடாது, தேடுவோரும் வேண்டும். இந்தக் காசின் கதை பரவியபின், கடையில் வாங்கிய சில்லறையைப் புரட்டி ஆண்டு பார்ப்பது பிரிட்டனில் ஒரு பொழுதுபோக்காகவே ஆயிற்று. புழக்கத்துக்கே விடப்படாத காசு சில்லறையில் அகப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தத் தேட்டமே இதன் புகழை வளர்த்தது. மாறாக, 65 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்ட 1967ஆம் ஆண்டுப் பென்னியை எத்தனை பேர் தேடினாலும் அதன் விலை உயர்வதற்கு வழியில்லை.

புகழ் போலிகளையும் பிறப்பித்தது. வேறோர் ஆண்டுக் காசின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மூன்றாக்கும் கைவேலையை, இலக்கத்தைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பின் கீறல்கள் உருப்பெருக்கியின் கீழ் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல காசையே கெடுத்துக்கொள்வதும் உண்டு: குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும், ஆனால் பல்லாண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலம் போய்விடுவதால் சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு வெகுவாகச் சரிந்துவிடும்.

அடிக்கல்லின் கீழும் இக்காசுகளுக்குப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. லீட்ஸ் நகர்ப்புறத் தேவாலயம் ஒன்றின் கல்லுக்கடியில் இருந்தது 1970இல் களவுபோயிற்று. அதே நகரில் வேறொரு தேவாலயத்தில் இருந்ததை, அதற்கும் அந்தக் கதி நேரக்கூடாதென்று திருச்சபையே வெளியே எடுத்து 1972இல் விற்றுவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு அதே 1933இல் ஐந்தாம் ஜார்ஜ் நாட்டிய அடிக்கல்லின் கீழ் வைக்கப்பட்ட காசின் மீதோ பத்தொன்பது மாடிக் கோபுரத்தின் பாரம் அமர்ந்திருக்கிறது.