குடையும் ஓலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் ஓவியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் பேரன். கணினி விளையாட்டில் ஒரு வீரனைத் தனக்குத் துணையாகத் தேர்ந்தெடுத்தான். "கதை தெரியாமல் இவனை எப்படி நம்பினாய்?" என்றேன். "படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, தாத்தா" என்றான். சில நாள் கழித்து அதே படத்தை என்னிடம் காட்டினான். "இவன் துரோகி. அது முதலிலிருந்தே இந்தப் படத்தில் இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை" என்றான்.

1987-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' என்னும் விளையாட்டில் திரையில் தெரிந்த மாந்தர் சிறு வண்ணக் கட்டங்களால் ஆன பொம்மைகளே. அவர்களுக்கு முகமும் மனமும் தந்தவை யோஷிதாகா அமானோ என்னும் ஓவியர் தனியே தாளில் வரைந்த படங்கள். மெலிந்த உடல், பறக்கும் கூந்தல், எங்கோ நிலைத்த பார்வை. ஆடுபவர் கட்டங்களைக் கண்ணால் கண்டாலும், அந்த ஓவியத்தையே மனத்தில் வைத்து ஆடினர்.

நம்மவர்க்கு இது புதிதன்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வந்தபோது அதற்கு ஓவியர் மணியம் படம் வரைந்தார். நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை. குந்தவைக்கு மகுடம்போல் உயர்த்திக் கட்டிய கூந்தல். கல்கி எழுத்தில் காட்டிய இவ்வேறுபாட்டை மணியத்தின் கோடுகள் வாசகர் கண்ணில் நிலைநிறுத்தின. ஒருத்தியின் ஈர்ப்பும் மற்றவளின் ஆளுமையும் கூந்தல் முடிப்பிலேயே தெரிந்தன.

இதைவிடக் கடினமானது ஆழ்வார்க்கடியான் நம்பியின் உருவம். குட்டையான உடல், முன்குடுமி, திருமண் காப்பு, கையில் குறுந்தடி. கண்டவுடன் வம்புக்கு நிற்கும் வீரவைணவர் என்று தோன்றும். உண்மையில் அவர் முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் ஒற்றர். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும். முற்றிலும் மறைத்துவிட்டால் பின்னர் உண்மை வெளிப்படும்போது அந்த உருவம் பொய்யாகிவிடும். முதல் பார்வைக்கு ஒன்றும், கதை தெரிந்தபின் பார்ப்பவர்க்கு வேறொன்றுமாக அது நிற்கவேண்டும்.

இந்தக் கலையின் மூத்த சான்று நம் தஞ்சையிலேயே உள்ளது. பெரிய கோயில் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரர் வரலாறும் ஒன்று. திருமணத்தைத் தடுத்து, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்காட வந்த கிழவேதியர் அவையோர் முன் நிற்கிறார். ஒரு கையில் குடை, மறு கையில் ஓலை. கதை அறியாதவர்க்கு அவர் பிடிவாதம் பிடிக்கும் ஒரு முதியவர். அறிந்தவர்க்கோ சிவபெருமான். ஓவியன் அவருக்கு நெற்றிக்கண் வரையவில்லை. நெற்றிக்கண்ணைக் காட்டியிருந்தால் நாம் உடனே வணங்கியிருப்போம்; சுந்தரரின் திகைப்பில் நமக்குப் பங்கிருந்திராது.

இதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். என் முதல் தொகுப்பில், ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த ஓர் ஆண்டைப் பற்றிய கவிதை இருந்தது. அதற்கு ஓர் இளம் ஓவியர் படம் வரைந்து கொணர்ந்தார். வறண்ட வாய்க்கால் மதகருகே தோளில் மண்வெட்டியுடன் ஒரு விவசாயி. நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். "முகத்தைத் திருப்புங்கள், கண்ணீர் தெரியவேண்டும்" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு அப்படியே மாற்றி வரைந்து தந்தார்.

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஓர் அழும் மனிதர் இருக்கிறார். அதற்குமேல் பார்க்க அதில் ஒன்றுமில்லை. முதலில் வரைந்த மனிதரோ நம்பிக்கை இழந்து நின்றிருக்கலாம். தொலைவில் தண்ணீர் வரும் ஓசைக்குச் செவி சாய்த்தும் நின்றிருக்கலாம். என் கவிதையில் இல்லாத அந்த இரண்டாம் பொருளை அவர் தந்தார். அதை அழிக்கச் சொன்னவன் நான். போதாக்குறைக்கு நூலில் அவர் பெயரையும் அச்சிடாமல் விட்டேன்.

அன்பர்களே, நம் வட்டம் இனி வெளியிடும் நூல்களில் ஓவியரின் பெயர் கவிஞரின் பெயரோடு இடம்பெற வேண்டும் என்று வேண்டுகிறேன். படம் கைக்கு வந்ததும் திருத்தம் சொல்ல விரையாமல், ஒரு நாள் வைத்திருந்து மறுபடி பாருங்கள். நாம் எழுதும் கவிதைக்கும் அதே சோதனை பொருந்தும். முதல் வாசிப்பில் கிழவரின் குடையும் ஓலையும் தெரிந்தால் போதும். அவர் யார் என்பதை வாசகர் மறுமுறை வரும்போது தாமே கண்டுகொள்வார்.