முதல் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

காலேஜ் ஃபுட்பால் சீசன் தொடங்கினாலே கிளம்புகிற ஒரு சண்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஒரு ஃப்ரெஷ்மேன் குவார்ட்டர்பேக் முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்குகிறான். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் 'இவன்தான் அடுத்த பெரிய ஆள்', இல்லைன்னா 'இவன் தேறமாட்டான்' என்று தீர்ப்பு வந்துவிடும். பையனுக்கு வயசு 18, 19 தான் இருக்கும்.

இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன், கேளுங்க. 1994 அக்டோபர், டென்னசி அணி. முதல் குவார்ட்டர்பேக்குக்குக் காயம், அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் காயம். வேறு வழியில்லாமல் ஒரு ஃப்ரெஷ்மேனை இறக்கினார்கள். வாஷிங்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக அவர் 14 பாஸ் எறிந்து 7 தான் சரியாகச் சேர்ந்தது. மொத்தம் 79 யார்டு. டென்னசி 10-9 என்று தப்பிப் பிழைத்தது.

அடுத்தது 2013 செப்டம்பர், ஃப்ளோரிடா ஸ்டேட். ஜேமிஸ் வின்ஸ்டன் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக 27 பாஸில் 25 சேர்த்தார். 356 யார்டு, நான்கு டச்டவுன் பாஸ். அந்த வருஷமே ஹைஸ்மன் விருதும் வாங்கினார்.

அந்த 79 யார்டு பையன் யார் தெரியுமா? பேட்டன் மேனிங். 1998 என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். 2015-ல் வின்ஸ்டனும் அதே மாதிரி முதல் ஆள்தான். 79-ம் 356-ம் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

தலைகீழாகவும் நடக்கும். 2014-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்காக கென்னி ஹில் இறங்கினார். அவர் இரண்டாம் வருஷ மாணவர், ஆனாலும் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய முதல் ஆட்டம் அதுதான். சவுத் கரோலினாவுக்கு எதிராக 511 யார்டு, கல்லூரியின் சாதனை. அந்த சீசன் முடிவதற்குள் இடம் போய், பிறகு டிசியூவுக்கு மாறிவிட்டார்.

அப்போ, முதல் ஆட்டத்தில் எதைத்தான் பார்க்கிறது? நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, கோச் அவனை எவ்வளவு நம்புகிறார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குட்டிக் குட்டி பாஸாகக் கொடுக்கச் சொன்னால் சதவீதம் தானாக ஏறும். தேர்ட் டவுன், இன்னும் எட்டு யார்டு வேணும். அப்போது எறியச் சொல்கிறாரா, ஓட்டக்காரர் கையில் பந்தைக் கொடுக்கச் சொல்கிறாரா?

இரண்டு, கண். முதலில் பார்த்த ரிசீவரையே முறைத்துக்கொண்டு நிற்கிறானா, அவன் மாட்டிக்கொண்டால் அடுத்தவனைத் தேடுகிறானா?

மூன்று, தப்புக்குப் பிறகு வருகிற டிரைவ். இன்டர்செப்ஷன் எல்லாருக்கும் விழும். அடுத்து பந்து கைக்கு வரும்போது பயந்து சுருங்கிவிடுகிறானா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் சொல்கிற நானே வழுக்கி விழுந்தவன்தான். 2012 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு ஜானி மான்செல் தொடங்கினார். ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன், அதாவது முந்தின வருஷம் ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்தவர். ஃப்ளோரிடாவுக்கு எதிராக முதல் பாதியில் அவருடைய அணிக்கு 17 புள்ளி. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. 20-17 என்று தோல்வி. 'ஓடத் தெரியும், அவ்வளவுதான். டிஃபென்ஸ் இவனைக் கண்டுபிடிச்சிடுச்சு' என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். நவம்பரில் அதே பையன் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 29-24 என்று சாய்த்தார். டிசம்பரில், ஹைஸ்மன் வாங்கிய முதல் ஃப்ரெஷ்மேன் ஆனார்.

நான் பார்த்தது பொய்யில்லை. டிஃபென்ஸ் நிஜமாகவே அவரை அடக்கியது. ஆனால் அதற்கு அவர் கற்றுக்கொண்டு வருகிற பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. முதல் ஆட்டத்தில் எதிரணியிடம் அவனைப் பற்றிய வீடியோ கிடையாது. மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில் எல்லாரிடமும் இருக்கும். அவன் பரீட்சை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போ டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது, 2021-லிருந்து வீரர்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் முடிகிறது. அதனால் அவசரத் தீர்ப்பு ஒரு பையனை வேறு கல்லூரிக்கே துரத்திவிடலாம். முதல் ஆட்டத்தில் பார்த்ததை ஒரு தாளில் குறித்து வையுங்க. நான்காவது ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் படிங்க. அப்புறம் சண்டை போடலாம்.